தமிழில் தேடினால் வரும் பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் பீங்கான் தொழில் சங்கத்துக்குச் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் வந்து இரண்டு மாதம் ஆகிறது. உறுப்பினர்கள் போனில் தமிழில் பேசிக் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும். நாங்கள் ஏற்றிக் கொடுத்த பதினான்கு கோப்புகளில் இருப்பதை மட்டும் சொல்லிக்கொண்டு ஒழுங்காக இருந்தது. எனக்கு அது போதும். தலைவர் கோவிந்தசாமி ஐயாவுக்குப் போதவில்லை.

"என்னா கேட்டாலும் எங்கிட்ட தகவல் இல்லைங்குது. அதச் சொல்றதுக்கு நம்ம வாட்ச்மேன் போதாதா?" என்றார் கூட்டத்தில். எல்லோரும் சிரித்தார்கள். வாட்ச்மேனும் சிரித்தார்.

அதனால் இனி இணையத்திலும் தேடப் போகிறது. இணைக்கிற வேலை திலீபனுடையது. சென்னைக் கம்பெனி வேலையை இங்கே மாமனார் வீட்டு மாடியிலிருந்து பார்க்கிறவர்; ஒழிந்த நேரத்தில் சங்கத்துக்கு இதைச் செய்து தருகிறார்.

"ரெண்டு டூல்தான் மேடம். ஒண்ணு தேடும், இன்னொண்ணு பக்கத்தத் தெறந்து படிக்கும். எப்ப தேடணும்னு அதுவே முடிவு பண்ணிக்கும்."

அதுவே முடிவு பண்ணிக்கும். எனக்கு இது பிடிக்கவில்லை; வேண்டாம் என்று கூட்டத்திலேயே சொன்னேன். இங்கே ஆய்வகம் என்று சொல்லப்படும் ஓர் அறைக்கு இருபத்து மூன்று வருடமாக நான்தான் பொறுப்பு. களிமண்ணோ, அதன் மேல் பூசும் கிளேஸோ, சூளையோ, அது எதைத் தப்பாகச் சொன்னாலும் ஆட்கள் கடைசியில் வந்து நிற்பது என் மேசைக்கு முன்னால்.

ஜூன் 5, வியாழன்

திலீபன் சோதனைக்குத் திறந்து காட்டினார். நம் ஊர் மண்ணில் செய்த பொம்மை ஏன் சூளையில் வெடிக்கிறது என்று கேட்டேன். எங்கோ ஒரு நாட்டில் சூளை விற்கிறவனுடைய பக்கத்தைப் படித்துவிட்டு, அவன் சூளையை வாங்கினால் வெடிக்காது என்ற பொருளில் மிக மரியாதையாகப் பதில் சொன்னது. கூடவே தன் பங்குக்கு நான்கு அறிவுரை, மூன்று எச்சரிக்கை.

"இதுக்குத்தான் பயந்தேன்" என்றேன்.

"கட்டிப் போட்டுடலாம் மேடம். எப்படி வேணும்னு சொல்லுங்க."

சொன்னேன். கண்ட இடத்திலும் தேடக் கூடாது, நான் தரும் பட்டியலில் உள்ள தளங்களுக்குள் மட்டும்தான். எந்தப் பக்கம், யார் எழுதியது என்று பதிலின் அடியில் போட வேண்டும். பக்கத்தில் இல்லாத ஒரு சொல்லைக்கூடத் தானாகச் சேர்க்கக் கூடாது. கேள்வி பதில் எல்லாம் அன்றன்றைக்கே என் கணினிக்கு வர வேண்டும், நான் படிப்பேன்.

மூன்றாவதற்கு மட்டும் திலீபன் கொஞ்சம் தயங்கினார். "அது சேக்குறதுல சிலது நல்லதா இருக்கும் மேடம்."

"எனக்கு நல்லது வேண்டாம். ஆதாரம் வேண்டும்."

சொல்லும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

பட்டியலில் பதினொரு தளங்கள். சங்கத்தின் தளத்தை முதலில் எழுதினேன். அதற்கு யோசிக்க என்ன இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

இணைத்தாயிற்று. காலையிலிருந்து ஆறு கேள்விகள். பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் எவ்வளவு தண்ணீர் உறிஞ்சலாம் என்று ஒருவர் இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். தரநிலைப் பக்கத்தைத் தேடி எடுத்து, திறந்து படித்து, எண்ணைச் சரியாகச் சொல்லியிருக்கிறது. இதே எண்ணுக்காக ஒரு காலத்தில் ரயில் ஏறிச் சென்னை நூலகத்துக்குப் போய்வந்தவள் நான்.

ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இந்த டைரியில் மட்டும்.

ஜூன் 11, புதன்

நாளையிலிருந்து பெண்ணாடம். என் வீட்டுக்காரருடைய தங்கை மகள் தமிழினிக்கு நிச்சயதார்த்தம். ஞாயிறு திரும்புகிறோம்.

ஜூன் 17, செவ்வாய்

ஊரில் இல்லாத நான்கு நாளின் பதிவு படிக்காமல் கிடக்கிறது. அன்றன்றைய பதிவைப் படிக்கவே மதியம் ஆகிவிடுகிறது. சனிக்கிழமை உட்கார வேண்டும்.

ஜூன் 21, சனி

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை பத்தரைக்குப் பழைய பதிவை எடுத்தேன். ஜூன் 12ஆம் தேதி, தனக்கோடி கேட்ட கேள்வி. சொந்தப் பட்டறை வைத்துக் கொலு பொம்மை செய்கிறவள் அவள். "கப்புக்கு நல்லா பளபளன்னு மஞ்சக் கலர் வரணும். எங்க சின்ன சூளையிலயே வேவணும். என்னா கிளேஸ் போடலாம்?"

பதிலில் ஒரு கிளேஸ் கலவை. எடை, சூடு, முக்கி எடுக்கும் விதம், எல்லாம் சுத்தமாக. பாதிக்கு மேல் ஈயம்.

குடிக்கிற கப்புக்கு.

திலீபனுக்குப் போன் செய்தேன். இருபது வருடத்தில் நான் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. "உங்க மெஷின் கப்புக்குள்ள ஈயத்தப் பூசச் சொல்லுது. எங்கேயிருந்து கண்டுபிடிச்சு எடுத்திச்சு இத?"

அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு, "பதிலுக்குக் கீழ பாருங்க மேடம்" என்றார்.

கலவையைப் பார்த்த அதிர்ச்சியில் நான் கடைசி வரி வரைக்கும் போகவே இல்லை. ஆதாரம்: சங்கத்தின் பயிற்சிக் கையேடு, 2009. தயாரித்தவர்: பூர்ணிமா, எம்.எஸ்சி.

நான்.

அந்த வகுப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முப்பது பேர். கலவையில் பிழை இல்லை. பொம்மைக்கு அருமையான மஞ்சள் அது. சாப்பிடுகிற, குடிக்கிற பாத்திரத்துக்கு இது ஆகாது என்று ஒரு வரி எழுதவில்லை. யாருக்காக எழுதியிருப்பேன்? வந்த முப்பது பேரும் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்கிறவர்கள். பாத்திரம் என்ற நினைப்பே அந்த அறையில் யாருக்கும் இல்லை. பின்னால் யாரோ அதை ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

"பட்டியல்ல வேற பத்து தளம் இருக்குதே" என்றேன் திலீபனிடம்.

"அதுல எல்லாம் எச்சரிக்கை இருக்குது மேடம். ஆனா எல்லாமே இங்கிலீஷ். அவங்க தமிழ்ல கேட்டாங்க, இது தமிழ்ல தேடிச்சி. தமிழ்ல மஞ்சள் கிளேஸுன்னு தேடினா வர்றது இந்த ஒரு பக்கந்தான்."

"ஈயம் விஷம்னு அதுக்கே தெரியாதா?"

"தெரியும். சேக்கக் கூடாதுன்னு நாமதான் சொல்லி வச்சிருக்கோம்."

நாமதான் என்றார். நீங்கதான் என்று சொல்லியிருக்கலாம்.

உடனே தனக்கோடிக்குப் போன். சூளையில் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும் என்று மனசு வேண்டிக்கொண்டே இருந்தது.

"நேத்தே போயிடுச்சி மேடம். முன்னூறு கப்பும். திட்டக்குடிப் பக்கம் ஒரு நர்சரி ஸ்கூலு. பிள்ளைவோளுக்குப் பால் குடுக்கவாம். திங்கக்கிழமை ஊத்தி ஆரம்பிக்கிறாங்க. ஏன் மேடம்?"

வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஆட்டோவில் போகும்போது எப்படிச் சொல்வது என்று நான்கு விதமாக ஒத்திகை பார்த்தேன். பட்டறையில் நான்கு பெண்கள் பிள்ளையாருக்குத் தும்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே அழைத்துப் போய், ஒத்திகை எல்லாம் மறந்துபோய், இரண்டே வாக்கியத்தில் சொன்னேன்.

தனக்கோடி உட்காரவில்லை. "கொலு சீசன் வர்ற வரைக்கும் இதுங்க நாலு பேருக்கும் வேலை வேணுமேன்னுதான் மேடம் கப்பு எடுத்தேன். பொம்மை தவிர எங்களுக்கு என்னா தெரியும்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கேட்ட உடனே, கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

"கேக்கணும்னுதான் நெனச்சேன். மெஷினு சொல்றத எப்படி நம்புறதுன்னு. கீழ பாத்தா உங்க பேரு. மேடமே எழுதினது, அப்புறம் மேடம்கிட்ட என்னா கேக்கறதுன்னு வுட்டுட்டேன்."

விளிம்பு கோணியதால் ஒதுக்கிய கப்புகள் மூலையில் ஆறு இருந்தன. ஒன்றை எடுத்துவந்து வினிகரைத் தண்ணீரில் அளவாகக் கலந்து ஊற்றி வைத்திருக்கிறேன்; ஈயம் கரைந்து வருமானால் அந்தப் புளிப்பில் வரும். இருபத்து நான்கு மணி நேரம். என்ன அழகான மஞ்சள்.

ஜூன் 22, ஞாயிறு

பள்ளி எண்ணுக்குக் காலையிலிருந்து பதினோரு முறை. எடுப்பார் இல்லை. தனக்கோடியிடம் இருப்பதும் அதே எண்தான். அலுவலக போன், ஞாயிற்றுக்கிழமை.

திலீபன் வந்தார். தேடும் வசதியை நேற்றே நிறுத்திவிட்டாராம். வாசலில் நின்றபடி, "கையேட்டையும் தளத்துலேருந்து எடுத்துடட்டுமா மேடம்? நீங்க சொன்னா பதிவுல அந்தப் பதிலையும்..." என்று நிறுத்தினார். என் மேல் உள்ள மரியாதையில்தான் கேட்டார். அது புரிந்தது. பதில் சொல்ல எனக்கு எத்தனை விநாடி ஆனது என்பதையும் கவனித்தேன்.

"பதிவுல கை வைக்காதீங்க" என்றேன்.

பதினொன்றரைக்குக் கோவிந்தசாமி ஐயா வந்தார். தனக்கோடி சொல்லியிருக்கிறாள். அவர் கோபமாக இல்லை, அதுதான் கஷ்டம்.

"பாருங்கம்மா, மெஷின் தப்பா சொல்லிடுச்சின்னு சொன்னா முடிஞ்சிது. ஊரு உலகமே அதத்தான் சொல்லுது, நம்மள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீங்களே முதல்ல வேணாம்னுதான சொன்னீங்க? உங்க பேரு எதுக்கு இதுல?"

பொய்யும் இல்லை அது. சொன்னது மெஷின்தான். நான் வேண்டாம் என்றதற்குக் கூட்டமே சாட்சி. எழுந்து நின்று "நான் அப்போதே சொன்னேன்" என்று சொல்லக்கூடத் தேவையில்லை, மற்றவர்களே சொல்லிக்கொள்வார்கள். எவ்வளவு சுலபம்.

நாற்பத்தெட்டு வயதில் எனக்கென்று இருப்பது என்ன? ஒரு டிகிரி. "மேடம் சொன்னா சரியா இருக்கும்" என்ற ஒரு பேச்சு. அது போனால் இந்த ஊரில் நான் யார்?

பகல் ஒன்றரை. கப்பில் இருந்த வினிகரைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சோடியம் சல்பைடு இரண்டு சொட்டு விட்டேன். ஈயம் இல்லாவிட்டால் அப்படியே தெளிவாக இருக்கும். டிகாஷன் நிறத்துக்குக் கறுத்தது.

இவரிடம் சொன்னேன். ரயில்வேக்காரர், எதையும் நேர அட்டவணையாகத்தான் பார்ப்பார். "காலையில ஆறு நாப்பதுக்கு ஒரு பஸ்ஸு இருக்குது. ஒன்பதுக்குள்ள ஸ்கூலுல நிக்கலாம்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. நல்லவேளை.

ஜூன் 23, திங்கள்

பஸ் இருபது நிமிடம் தாமதம். தனக்கோடி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தும்.

இறங்கி, ஆட்டோ பிடித்து, பள்ளி வாசலை அடைந்தபோது ஒன்பது இருபது. தாழ்வாரத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் மஞ்சள் கப்பு. பல கப்புகள் காலி. ஒரு பெண் குழந்தை கடைசிச் சொட்டுக்காகக் கப்பைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

தனக்கோடி ஓடினாள். ஒரு பிள்ளையிடமிருந்து கப்பைப் பிடுங்கிவிட்டாள். அது அழுதது, உடனே மற்றதுகளும் அழ ஆரம்பித்தன. ஆயாம்மா, "யாரும்மா நீ, பிள்ளை கையிலேருந்து பிடுங்குற?" என்று பாத்திரத்தோடு ஓடிவந்தார்.

தலைமை ஆசிரியை கனிமொழி. முப்பத்தைந்து வயதிருக்கும். எங்களை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். அடுத்த வகுப்புக்குப் பால் ஊற்றுவதை முதலில் நிறுத்தச் சொன்னேன்; காரணம் கேட்காமல் நிறுத்தினார். பிறகு காரணம் சொன்னேன்.

"எத்தனை பேரு குடிச்சாங்க?" அவரே தன்னைக் கேட்டுக்கொண்டு, அவரே வெளியே போய் எண்ணிவிட்டு வந்தார். "பதினேழு பேரு."

"ஒரு வேளை பால்தான். பால் புளிப்பில்லை, கப்பில் நின்ற நேரமும் குறைவு. அதனால் ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும், பெற்றோரிடம் சொல்ல வேண்டும்."

"இவங்க ஏன் இதப் போட்டாங்க?" தனக்கோடியைக் காட்டிக் கேட்டார்.

தனக்கோடி பேசுவதற்காக வாயைத் திறந்தாள். "மெஷினு..." என்று ஆரம்பித்தாள். என் பெயரைச் சொல்லாமல் விடப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. நேற்று முழுக்க என்மேல் கோபமாக இருந்தவள், பஸ்ஸில் பேசாமல் வந்தவள். அவளை அந்த வாக்கியத்தை முடிக்க விட்டிருந்தால் நான் இன்றைக்கு இந்தப் பக்கத்தை எழுதியிருக்க மாட்டேன்.

"சங்கத்தின் உதவியாளரிடம் கேட்டாங்க. அது ஒரு பக்கத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தது. அந்தப் பக்கம் நான் எழுதினது. பாத்திரத்துக்கு ஆகாதுன்னு எழுத வேண்டியவள் எழுதலை. இவங்க மேல தப்பு இல்லை."

"இத எழுதிக் குடுங்க" என்றார் கனிமொழி. மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். எழுதி, கையெழுத்துப் போட்டேன். எம்.எஸ்சி. போடவில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். ஒரே ஒரு வேளை என்பதால் பயப்பட வேண்டாம் என்றார். கேட்கிற பெற்றோருக்கு ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருவதாகவும் சொன்னார். நான்கு பேர் கேட்டார்கள். ஒரு தகப்பனார் என்னிடம் வந்து, "படிச்சவங்கதான நீங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

முன்னூறு கப்பும் டெம்போவில் திரும்பின. கப்புகளோடு தனக்கோடியும் டெம்போவிலேயே போய்விட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

ஐயா போனை எடுக்கவில்லை. வியாழக்கிழமை அவசரக் கூட்டம் என்று குறுஞ்செய்தி மட்டும்.

ஜூன் 26, வியாழன்

ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். சாதாரணமாக இருபது பேரைச் சேர்ப்பதே பாடு.

ஐயா எழுந்து, "மெஷினால ஒரு சின்னப் பிரச்சினை" என்று ஆரம்பித்தார். நான் எழுந்து நின்றேன். கையேட்டின் அந்தப் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். என் பெயர் எங்கே இருக்கிறது, எந்த வரி அங்கே இல்லை, இரண்டையும் காட்டினேன். உதவியாளரை எப்படிக் கட்டிப் போட்டேன் என்பதையும் சொன்னேன். அவிழ்த்துவிட்டிருந்தால் அது எச்சரித்திருக்கும் என்பதையும்.

அச்சடித்த தாள் வரிசை வரிசையாகக் கைமாறிப் போனது.

பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப மேடமும் தப்புப் பண்ணுவாங்க." கேலியா, ஆச்சரியமா, தெரியவில்லை. சிலர் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர், "வூட்டுக்காரரக் கேளு, தெரியும்" என்றார். அதற்கு நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

மெஷினை எடுத்துவிடலாம் என்று இனியவன் சொன்னார். ஃபியூஸ் கட்டை யூனிட்காரர். கூடாது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று வீட்டுக்கு வந்த பிறகும் யோசித்தேன். அது தேடி எடுத்துக் காட்டினால்தான் நமக்குத் தெரிகிறது, நாம் என்ன எழுதி வைத்திருக்கிறோம் என்று. பதினாறு வருடம் அந்தப் பக்கத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. அது தளத்தில் இருந்ததே எனக்குத் தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு பெரியநாயகி தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். 2009 வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்தவள். அவள் பின்னால் தனக்கோடி. "சொல்லு பெரியநாயகி. மேடமே சொல்லிட்டாங்க, ஒனக்கென்ன?" என்று தோளில் தட்டினாள்.

"அந்த மஞ்ச... நான் ஊறுகா ஜாடிக்குப் போட்டேன் மேடம்."

"எப்போ?"

"ஆறு வருஷமா."

மெஷினும் இல்லை, தேடலும் இல்லை. கையேட்டை வகுப்பில் என் கையிலிருந்தே வாங்கிப் போனவள். எலுமிச்சை ஊறுகாய். உப்பும் புளிப்பும், மாதக்கணக்கில்.

"ஏன் இத்தனை நாள்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். என்னிடம் வந்து சொல்ல யாருக்குத் தைரியம் வந்திருக்கும்?

ஜூன் 29, ஞாயிறு

திலீபனோடு நாள் முழுக்க. என் நிபந்தனையில் மூன்றாவதை எடுத்துவிட்டோம். உயிருக்கு ஆபத்து என்று அதற்குத் தெரிந்தால், பக்கத்தில் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். தமிழில் கேட்டாலும் இங்கிலீஷிலும் தேட வேண்டும். கப்பு, தட்டு, ஜாடி என்று வந்தால் கலவை சொல்வதற்கு முன் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மாற்றிய பிறகு நாற்பது கேள்வி கேட்டுச் சோதித்தோம். முப்பத்தேழு சரி. மீதி மூன்றைச் சரி செய்யாமல் திறக்கப் போவதில்லை.

பழைய கையேடுகள் முப்பத்தொன்றையும் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். ஒன்பதாவதில் இன்னொரு பிழை. அதுவும் நான் எழுதியதுதான்.

ஜூலை 3, வியாழன்

நான்கு பிள்ளைகளின் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. கனிமொழி ஒரே வரியில் அனுப்பியிருந்தார். பயப்பட ஒன்றும் இல்லை. அந்த வரியை எத்தனை முறை படித்தேன்.

பெரியநாயகி வீட்டில் நான்கு பேருக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அவளிடம் ஜாடி வாங்கிய வீடுகளை அவளும் தனக்கோடியும் ஒவ்வொன்றாகத் தேடிப் போகிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

மீதி மூன்றும் சரியான பிறகு, தேடும் வசதி நேற்று மறுபடி இணைந்தது.

இன்று காலை ஆய்வகத்தைத் திறக்கப் போனால் வாசலில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் மடியிலும் பழைய புடவைத் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. ஒரு ஜாடி, இரண்டு கிண்ணம், குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள ஒரு பாலாடை. பாலாடையைக் கொண்டுவந்த பெண்ணை நான் முன்பின் பார்த்ததில்லை.

"உங்க மெஷின்கிட்ட கேட்டேங்க. எனக்கு நிச்சயமாத் தெரியல, மேடம்கிட்ட கொண்டுபோயி காட்டுங்கன்னு சொல்லிச்சி."

"மேடத்துக்கும் சோதிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். நாளைக்கு வாங்க" என்றேன்.

மதியத்துக்குள் இன்னும் ஐந்து பேர். எல்லாவற்றிலும் பெயர் ஒட்டி, வினிகர் ஊற்றி, மேசை போதாமல் ஜன்னல் விளிம்பிலும் வரிசையாக வைத்திருக்கிறேன். வினிகர் பாட்டில் தீரும் நிலையில் இருக்கிறது. போகும் வழியில் வாங்க வேண்டும்.